ரகுவின் கண் பவர்

அன்புள்ள வசந்தி,

ஒரே வருஷத்தில் ரகுவுக்குப் பவர் மைனஸ் ஒன்றிலிருந்து இரண்டேகாலுக்கு ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு அங்கேதான் இருக்கிறது. உன்னை நீயே குற்றம் சொல்லிக்கொள்ளாதே.

இது கிட்டப்பார்வை; அவன் கண் பின்பக்கமாக நீள்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே பவர் இரண்டரை, மூன்று ஏறிவிடும். எவ்வளவு வளர வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்வது பெரும்பாலும் கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒளியை உணரும் படலமான விழித்திரைதான். 1987-இல் நியூயார்க்கில் ஆய்வாளர் ஜோஷ் வால்மன் குழுவினர் கோழிக்குஞ்சுகளின் கண்ணில் பாதிப் பார்வையை மட்டும் மங்கலான மூடியால் மறைத்தார்கள். மறைத்த பாதிக்கு நேர் பின்னால் இருந்த சுவர் மட்டும் நீண்டது! கண்ணை மூளையோடு இணைக்கும் பார்வை நரம்பை வெட்டிய குஞ்சுகளிலும் மூடி போட்ட கண் நீண்டது.

அந்த விழித்திரைக்குப் பசி அதிகம். ஆக்சிஜன் இருக்கும்போதே அது குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டேட் என்ற பொருளாக மாற்றித் தள்ளுவதை 1920-களிலேயே பெர்லினில் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கண்டார். இருட்டில் இந்தப் பசி இன்னும் கூடும். ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை விடாமல் இறைப்பதுபோல, ஒளி உணரும் செல்கள் உள்ளே வரும் சோடியத்தை இறைத்துக்கொண்டே இருக்கும். வெளிச்சம் பட்டால் ஓட்டைகள் அடைபடும், வேலை குறையும். எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

இந்தப் பசிக்குச் சாப்பாடு போடுவதில் பெரும்பங்கு விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கோராய்டு என்ற இரத்தக்குழாய்ப் படுகைக்கு. கிட்டப்பார்வை வளரும்போது அது மெலிகிறது. அதற்கும் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவருக்கு ஆக்சிஜன் குறைந்து, சுவர் இளகி நீள்வதைச் சீன ஆய்வாளர்கள் 2018-இல் கினிப் பன்றிகளில் காட்டினார்கள்.

வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் இந்த வளர்ச்சிக்குக் கடிவாளம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு 39.5 இருக்க வேண்டிய இடத்தில் 30.4. நாம் கண்மாய்க் கரையில் இருட்டும்வரை ஆடியது ஞாபகம் வருகிறதா?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெளியில் விடுவது, கண்ணாடி இன்னும் வராத உன் சின்னவளுக்குத்தான் அதிகம் உதவும். அவளைத் தினமும் பகல் வெளிச்சத்தில் விளையாட விடு. ரகுவுக்கு, பவர் ஏறுவதை மெதுவாக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பொருந்துமா என்று டாக்டரிடம் கேள். அப்புறம், கண்ணின் நீளத்தை அளக்கச் சொல்லி, அந்தத் தாளைப் பத்திரமாக வை. தை மாசம் ஊருக்கு வரும்போது இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மீனா