பனிக்கு அடியில் வயல் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் வட தீவான ஹொக்கைடோவுக்குக் குளிர்காலத்தில் குழுவாகச் சென்று படம் எடுக்கும் பயணங்களின் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் ஒரு செய்தியை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பியெய் நகரின் வெண்பனிச் சரிவுகள் கேட்பாரற்ற வெளிகள் அல்ல. அவை உழவர்களின் நிலங்கள், பல இடங்களில் பனிக்கு அடியில் கோதுமைப் பயிர் இருக்கிறது. காலணியில் ஒட்டிவரும் மண்ணால் பயிர்நோய் பரவக்கூடும் என்பதால் வயலில் இறங்க வேண்டாமென்று அங்குள்ளோர் வேண்டிக்கொண்டும், ஒரே கோணத்துக்காக முண்டியடிப்போர் பலர் கேட்பதில்லை. அங்கே வயலில் தனித்து நின்ற, படமெடுப்போரிடையே புகழ்பெற்ற 'தத்துவ மரம்' 2016இல் வீழ்த்தப்பட்டதற்கு அதன் முதுமையோடு இந்த அத்துமீறலும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் அதே ஊரில் பிர்ச் மர வரிசை ஒன்றும், இத்தகைய கூட்டத்தின் தொல்லையும் ஒரு காரணமாக, வெட்டப்பட்டது.

இதற்கு மாறாக, அதே தீவின் ட்சுருயி கிராமத்தில் ஆற்றில் இரவைக் கழிக்கும் செந்தலைக் கொக்குகளை, விடியற்காலையில் ஒட்டோவா பாலத்தில் நின்றபடியே தொலைவு லென்ஸால் எடுக்கிறார்கள். படத்துக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை (விரல்தான் விறைக்கும்).

ஆகவே ஏற்பாட்டாளர்கள் குழுக்களைச் சிறிதாக்கி, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தி, வயலில் இறங்கக் கூடாது என்பது போன்ற விதிகளை முன்பணம் பெறும்போதே எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்