மின்னூலகத்தில் நூல் இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களைத் திரட்டி வைத்திருக்கும் நூலகம் தளம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இணையப் பட்டியல், இன்டர்நெட் ஆர்க்கைவ் எனப் பல வாயில்கள் திறந்துவிட்டதால், ஒரு பழம்பதிப்பைப் பார்ப்பதற்காகச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இலண்டனுக்கோ போக வேண்டியிருந்த நிலை இன்று பெருமளவு மாறியிருக்கிறது. சிற்றூரில் இருந்துகொண்டு முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஒருவர் நூறாண்டுக்கு முந்தைய நூலின் தலைப்புப் பக்கத்தைத் தம் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார். இதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மின்னூலகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை நூல்கள் ஏற்றப்பட்டன, எத்தனை இலட்சம் பக்கங்கள் மின்வருடப்பட்டன என்ற கணக்கே முன்வைக்கப்படுகிறது. ஏற்றப்பட்ட நூல் தேடுபவருக்கு அகப்படுகிறதா என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. அந்தக் கேள்வியை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்னூலகத்தில் உள்ள நூலை நாம் அடைவதற்கு வழி அதன் பட்டியல் மட்டுமே. கல் கட்டடமாக நிற்கும் நூலகத்தில் பட்டியல் பிழையாக இருந்தாலும் அடுக்குகளுக்கு நடுவே நடந்து, முதுகெழுத்தைப் படித்துக்கொண்டே போய், தேடாத நூலைக்கூடக் கண்டெடுக்க முடியும். அனுபவமுள்ள நூலகர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். இணையத்தில் அந்த இரண்டும் இல்லை. தேடுபெட்டியில் நாம் இடும் சொல்லும் பட்டியலிட்டவர் தட்டச்சு செய்த சொல்லும் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால், நூல் அங்கே இருந்தும் இல்லாததுதான்.

ஆசிரியர் பெயரையே எடுத்துக்கொள்வோம். உ. வே. சாமிநாதையர் என்றும் சாமிநாத ஐயர் என்றும் சுவாமிநாதையர் என்றும் உ.வே.சா. என்றும் எழுதும் வழக்கம் உண்டு. சில பட்டியல்களில் 'மகாமகோபாத்தியாய' என்ற பட்டமே பெயரின் முதற்சொல்லாக நிற்கும். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்து இடைவெளி விட்டால் ஒரு பெயர், விடாவிட்டால் வேறொரு பெயர் என்று கணினி எண்ணிக்கொள்கிறது. வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்களைத் தேடுபவர் வகர வரிசையிலும் ககர வரிசையிலும் தனித்தனியே பார்க்க நேர்கிறது. தமிழர் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாமையால் வரும் சிக்கல் இது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. உலகின் பெரிய நூலகங்கள் நெடுங்காலமாகக் கையாளும் தீர்வு ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அவர் பெயர் வழங்கும் அத்தனை வடிவங்களையும் அந்த எண்ணின்கீழ்க் கட்டிவிடுகிறார்கள். எந்த வடிவத்தைத் தேடினாலும் எல்லா நூல்களும் வந்து நிற்கும். அச்சேறிய தமிழ் நூலாசிரியர்களுக்கு இப்படி ஒரு பொதுப்பட்டியலை ஒருமுறை உருவாக்கிவிட்டால், எல்லா மின்னூலகங்களும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

நூல் தலைப்புகளின் கதை இதைவிடக் கடினமானது. 'மூலமும் உரையும்' என்று முடியும் தலைப்புகள் நமக்கு ஏராளம். அவற்றில் 'நச்சினார்க்கினியருரையும்' என்று புணர்ந்து நிற்பதைப் பட்டியலில் ஒருவர் சேர்த்து எழுதியிருப்பார், மற்றொருவர் பிரித்து எழுதியிருப்பார். முழுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கும் தேடுபெட்டியில் 'உரை' என்று இட்டால் முதல் வகை நூல் ஒன்றும் அகப்படாது. இதை அறிந்த ஆய்வாளர்கள் தலைப்பை முழுமையாக இடாமல், புணர்ச்சியால் மாறாத நடுப்பகுதியை மட்டும் இட்டுத் தேடுகிறார்கள். ஸ்ரீ, ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகள் வரும் இடங்களில் இரண்டு வகையாகவும் இட்டுப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் ஆய்வு நெறி வகுப்பில் கற்றுத்தர வேண்டியவை. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் கருதுகோளுக்கு வரையறை எழுதத்தான் பெரும்பாலும் கற்றுத்தருகிறோம்.

ஆண்டு பற்றிய பிழைகளே ஆய்வை நேராகக் கெடுப்பவை. பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு அச்சிடப்படவில்லை, அறுபதாண்டுச் சுற்றில் வரும் ஆண்டின் பெயரும் மாதமும் மட்டுமே இருக்கும். 'பிரபவ வருடம் ஆவணி மாதம்' என்று தலைப்புப் பக்கத்தில் இருந்தால் அது 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம். பட்டியலிடுபவர் இரண்டில் ஒன்றை மனம்போனபடி எழுதிவிட்டால், அதை நம்பி எழுதும் ஆய்வாளர் ஒரு பதிப்பை அறுபது ஆண்டுகள் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடுகிறார். பதிப்பு வரலாறு எழுதுபவருக்கு அறுபது ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட இடைவெளி. உ.வே.சா.வுக்கு முன் அச்சானதா பின் அச்சானதா என்ற வழக்கே அதில் தலைகீழாகிவிடும்.

இதைச் சரிபார்க்க வழிகள் இல்லாமலில்லை. 1865-இல் ஜான் மர்டாக் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்டியலில் அந்நூல் காணப்பட்டால், அதற்கு முன்பே ஒரு பதிப்பு இருந்ததென்று தெரியும். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் காலாண்டுதோறும் நூற்பட்டியல் வெளியாகி வந்தது. நூலின் பெயர், அச்சகம், விலை, எத்தனை படிகள் அச்சாயின என்ற விவரங்கள்கூட அவற்றில் உண்டு. விலைக் குறிப்பும் உதவும். அணாக் கணக்கில் விலை இருந்தால் நூல் பெரும்பாலும் 1957-க்கு முற்பட்டது. 'ந.பை.' என்று இருந்தால் நயா பைசா வழங்கிய 1957 முதல் 1964 வரையிலான சில ஆண்டுகளுக்குள் அதை ஏறத்தாழ அடக்கிவிடலாம். பட்டியலிடும் பணியாளருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுப்பது சில நாள் பயிற்சியில் ஆகக்கூடியது. அதுவும் முடியாவிட்டால், உறுதியில்லாத ஆண்டுக்கு அருகில் ஒரு கேள்விக்குறியாவது இட வேண்டும். பட்டியலில் கேள்விக்குறி இருப்பது அவமானம் என்று நினைத்து, துணிந்து ஓர் எண்ணை இட்டுவிடுவதுதான் பெருங்கேடு.

பதிப்பிடத்துக்கும் இதே கவனம் வேண்டும். சென்னை, சென்னபட்டணம், மதராஸ் எல்லாம் ஒரே ஊர் என்பது படிப்பவருக்குத் தெரியும், தரவுத்தளத்துக்குத் தெரியாது. ஆறுமுக நாவலருக்கு வண்ணார்பண்ணையிலும் அச்சுக்கூடம் இருந்தது, சென்னையிலும் இருந்தது. ஆகவே நாவலர் பதிப்பு என்றதும் யாழ்ப்பாணம் என்று எழுதிவிடுவது பொருந்தாது.

இனி இதழ்கள். தமிழ் ஆய்வின் பெரும்பகுதி நூல்களில் இல்லை, இதழ்களில் இருக்கிறது. மதுரைத் தமிழ்ச்சங்கம் 1902 முதல் வெளியிட்ட 'செந்தமிழ்' இதழைப் புரட்டாமல் இருபதாம் நூற்றாண்டின் பதிப்பு விவாதங்களைப் பற்றி ஒருவர் எழுத முடியாது. 1925-இல் தொடங்கிய 'குடி அரசு', 1933-இல் வந்த 'மணிக்கொடி' என்று ஒவ்வொரு துறைக்கும் அடிப்படையான இதழ்கள் இருக்கின்றன. மின்னூலகங்களில் இவை பெரும்பாலும் 'தொகுதி 7, பகுதி 3' என்ற அளவிலேயே பட்டியலில் இடம்பெறுகின்றன. அந்தப் பகுதிக்குள் யார் எதைப் பற்றி எழுதினார் என்பது பி.டி.எஃப். கோப்பைத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியவரும். ஓர் ஆய்வாளர் இப்படி ஒரு மாதம் செலவிட்டுத் தமக்கென ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்கிறார். அடுத்த ஊரில் இன்னொருவர் அதே இதழுக்கு அதே வேலையை முதலிலிருந்து செய்கிறார். இருவருடைய அட்டவணையும் அவரவர் கணினியோடு முடிந்துபோகிறது.

முழுப்பாடத்தையும் தேடும் வசதி வந்துவிட்டால் இந்தப் பட்டியல் வேலையே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வசதி கட்டாயம் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இன்று மின்னூலகங்களில் உள்ள தமிழ் நூல்களில் பெரும்பாலானவை பக்கப் படங்களாகவே இருக்கின்றன, உள்ளிருக்கும் சொல்லைத் தேட முடிவதில்லை. பக்கப் படத்தில் உள்ள எழுத்துகளை இனங்கண்டு பாடமாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் தமிழுக்கு நன்றாகவே முன்னேறியுள்ளன. ஆனால் தேய்ந்த ஈய எழுத்துகளால் அடித்த, மை ஊறிய, பூச்சி அரித்த தாள்களில் அவை இடறுகின்றன. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு மேலெழும் கொம்பும், ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனி வடிவங்களும் இருந்தன. புதிய எழுத்துக்குப் பழக்கிய மென்பொருள் அவற்றை வேறெதாகவோ படித்துவிடும். தமிழ் எண் ௧-ஐக் ககரமாகப் படிப்பது அதற்கு இயல்பு. எனவே எழுத்துணரியின் விளைவை மனிதக் கண் திருத்தியாக வேண்டும். திருத்தாத பாடத்தையும் தேடுவதற்குப் பயன்படுத்தலாம், மேற்கோளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

திருத்துவது யார்? ஆஸ்திரேலிய தேசிய நூலகம் தன் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களின் படத்தையும் எழுத்துணரி தந்த பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாசகர் யார் வேண்டுமானாலும் பிழையைத் திருத்தலாம் என்று விட்டுவிட்டது. பல கோடி வரிகள் அப்படித் திருத்தப்பட்டுள்ளன. நமக்கும் இது புதிதில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்ததுதான். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் மின்வருடல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் விக்கிமூலத்துக்கு வழங்க, அங்கே தன்னார்வலர்கள் அவற்றை எழுத்துணரிக்கு உட்படுத்தி மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். அரசு நிறுவனமும் தன்னார்வலரும் கைகோத்த அந்த முயற்சியை மற்ற நூலகங்களுக்கும் விரிவாக்குவதில் பதிப்புரிமைச் சிக்கல்கூடப் பெரிதாக இராது. ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபதாண்டுகள் கடந்த நூல்களே நம்மிடம் ஏராளமாக உள்ளன.

இன்னொரு செய்தியையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இந்திய மின்னூலகம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் தளம் சில ஆண்டுகளுக்கு முன் செயல்படாமல் போனது. அதன் நூல்களை இன்று நாம் படிக்க முடிவது, இன்டர்நெட் ஆர்க்கைவில் அவற்றுக்குப் படிகள் இருப்பதால்தான். தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் தாறுமாறாக எழுதப்பட்ட அந்தப் பழைய பட்டியலும் மாறாமல் கூடவே வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியலை மறு ஆண்டு சனவரி வரை இணையத்தில் காண இயலவில்லை. அங்கேயே அந்த நிலை என்றால், ஒரே சேவையகத்தை நம்பியிருக்கும் சிறு நூலகங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நூலுக்கு மட்டுமன்றிப் பட்டியலுக்கும் வேறிடத்தில் படி இருக்க வேண்டும். தளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் நூலின் இணைய முகவரி மாறிவிடாமல் நிலைத்த முகவரி ஒன்றும் தரப்பட வேண்டும். இல்லையேல் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் தந்த முகவரி, ஏட்டை மதிப்பிடுபவர் கைக்குப் போவதற்குள் இறந்துவிடுகிறது.

ஆய்வாளர்கள் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. மின்னூலகத்தில் படித்த நூலை, அச்சுப் படியையே கையில் வைத்துப் படித்ததுபோல மேற்கோள் காட்டுவது நம்மிடையே பரவலான வழக்கமாகிவிட்டது. இணையத்தில் பார்த்தேன் என்று எழுதினால் மதிப்புக் குறையும் என்ற எண்ணமாக இருக்கலாம். இதனால் இரண்டு தீங்கு நேர்கிறது. மின்வருடலில் விடுபட்ட பக்கம் எது என்று பின்னால் சரிபார்ப்பவருக்குத் தெரியாமல் போகிறது. மின்னூலகத்தால் எத்தனை ஆய்வுகள் நடந்தன என்ற கணக்கும் எங்கும் பதிவாவதில்லை. நிதி ஒதுக்கும் இடத்தில் பக்கங்களின் எண்ணிக்கையையே காட்ட வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மின்னூலகத்தில் படித்ததை அப்படியே குறிப்பிட வேண்டும் என்று நெறியாளர்கள் வற்புறுத்தினாலே இந்த வழக்கம் மாறிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்துவிட முடியாது. முதலில் இதழ்களின் பொருளடக்கத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. முதுகலைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் திட்டக்கட்டுரை ஒன்று எழுதியாக வேண்டிய கல்லூரிகள் தமிழகத்தில் பல உள்ளன. எழுதிய தலைப்பையே திரும்பத் திரும்ப எழுதும் அந்தக் கட்டுரைக்கு மாற்றாக, ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதிக்குக் கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், பக்க எண் அடங்கிய அட்டவணையை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, சுருக்கமான முன்னுரையுடன் அளிப்பதை மாணவர் விரும்பினால் ஏற்கலாம் என்று உயர்கல்வித் துறை அறிவிக்கட்டும். அவற்றைப் பெற்று, சரிபார்த்து, மாணவர் பெயரோடு மின்னூலகப் பட்டியலில் இணைக்கும் பொறுப்பைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்கலாம். 'செந்தமிழ்' தொகுதிகளை மதுரைக் கல்லூரிகளுக்கே முதலில் பகிர்ந்து கொடுக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ வேண்டியதில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் ஒரு சுற்றறிக்கை போனால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.