சுமதிக்கு, டாரின் விஷயமாக

அன்புள்ள சுமதி,

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை என்று நீ திட்டுவது சரிதான். பக்கவாதத்தில் விழுந்த அப்பா இப்போது கையை ஊன்றி எழுந்து உட்காருகிறார் என்று தங்கராஜ் சொன்னான். நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், என் கடைவாய்ப் பல்லைத் தவிர.

எழுதாததற்குக் காரணம் நான் ஆராய்கிற அந்த டாரின்தான், அமினோ அமில வகைப் பொருள். தீபாவளிக்கு வந்து என்ன அளப்பு அளந்தேன்! காளையின் பித்தநீரில் 1827-இல் கண்டெடுத்த சரக்கு, உன் தம்பியின் ரெட் புல்லில் 250 மில்லிக்கு ஒரு கிராம் இருக்கிறது, எலியின் மூளையே பிழைக்கிறது என்றெல்லாம். இப்போது அம்மா அதை அப்பாவுக்கு வாங்கலாமா என்று கேட்கிறார் என எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி.

எங்கள் ஆய்வகத்தில் பக்கவாதத்தை வரவழைக்க, எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக நைலான் இழையை ஏற்றி, மூளையின் நடுத் தமனியை இரண்டு மணி நேரம் அடைப்போம். அப்புறம் உருவிவிடுவோம். ரத்தம் திரும்பினால் நல்லதுதானே என்பாய். பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் ஒரேயடியாகப் புகும்போது ரேடிக்கல்கள் என்ற, கண்டதையும் தாக்கும் மூலக்கூறுகள் கிளம்பி, மிஞ்சியதையும் அரிக்கின்றன. அதைத் தணிக்கத்தான் டாரின் ஊசி. மறுநாள் மூளையை இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கிச் சாயத்தில் போட்டால், உயிருள்ள இடம் செங்கல் நிறம். செத்த இடம் தேங்காய்ப் பத்தை.

முதல் சுற்றில் டாரின் எலிகளுக்கு வெள்ளை குறைவு. துள்ளிக் குதித்தேன். ஆனால் எந்த எலிக்கு எது போட்டோம் என்று எனக்குத் தெரியும். வெள்ளையைச் சுற்றிக் கோடு போட்டதும் நான்தான். அதன் ஓரம் மங்கலாகத்தான் இருக்கும். இழுத்த இழுப்புக்கு வரும். தராசில் கட்டைவிரலை வைத்தவள் நானே.

இரண்டாம் சுற்றில் எந்த எலிக்கு எது என்று எனக்குத் தெரியாதபடி, ஜூனியர் பெண்ணை எண் மட்டும் போடச் சொல்லிவிட்டு அளந்தேன். வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. முதல் சுற்றையே எழுது என்கிறார் என் ஆராய்ச்சி கைடு. மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை மெயிலில்தான்.

எலியில் ஜெயித்து மனிதரிடம் தோற்ற மருந்துகள் ஏராளம். என்எக்ஸ்ஒய்-059 என்று ஒன்று, 2006-இல் வெளிவந்த பெரிய சோதனையில் நோயாளிகளிடமே நம்பிக்கை காட்டிவிட்டு, அடுத்த வருடம் வெளிவந்த அதைவிடப் பெரிய சோதனையில் கவிழ்ந்தது. என்னுடையது எந்த மூலைக்கு?

அதோடு, இது அடைப்பு திறக்கிற அந்தச் சில மணி நேரத்துச் சங்கதி. அப்பா விழுந்து ஐந்து மாதமாகிறது. அவருக்கு இப்போது பிசியோதெரபியும் பிரஷர் மாத்திரையும்தான். அதை மட்டும் விடாதே.

அம்மாவிடம் நீ சொல்லாதே. ஆசை காட்டியவள் நான். ஞாயிற்றுக்கிழமை வந்து நானே சொல்கிறேன். முறுக்கு வேண்டாம், பல்வலி.

உன்,
கலா