ஊட்டி உறைபனில உதவின அக்காவுக்கு

1848ல ஆரம்பிச்ச ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்ல, இந்த ஜனவரி குளிர்ல போட்டோ எடுக்க வந்தப்போ உதவின தோட்டவேலை அக்கா, உங்க பேர் தெரியல, ரொம்ப தேங்க்ஸ்க்கா. "உறைபனி கீழ புல்வெளிலதான் நல்லா விழும் தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள ஸ்ப்ரிங்க்ளர் போட்டு கழுவிருவோம், சீக்கிரம் எடுங்க"ன்னு சொன்னதோட நிக்காம, பனி படாம இருக்க நாத்து மேல மூடியிருந்த கோத்தகிரி மிலார்ங்கிற செடியோட கொத்தை லேசா தூக்கி காமிச்சீங்க பாருங்க, மேல மிலார் இலையெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளை, உள்ள நாத்து பச்சைப்பசேல்னு நிக்குது!! அந்த ஒரு ஷாட்டுக்கே வந்தது வொர்த். (பனிய எடுக்குறவங்க கேமராவுல எக்ஸ்போஷர, அதாவது வெளிச்ச அளவ, கொஞ்சம் ஏத்திக்கோங்க, இல்லன்னா வெள்ளை சாம்பலாதான் விழும், ஸ்பேர் பேட்டரிய சட்டைக்குள்ள வைங்க, குளிர்ல சட்டுன்னு இறங்கிடுது.) அக்கா, பிரிண்ட் போட்டாச்சு, அடுத்த தடவை வர்றப்போ கையோட கொண்டாரேன்.