கோடை இசை விழா: கடையிலிருந்து ஒரு வேண்டுகோள்

நண்பர்களுக்கு வணக்கம். விழா முடியும் வரை என் வாத்தியக் கடையைக் காலையில் சீக்கிரமே திறந்து, கடைசிக் கச்சேரி முடிந்த பிறகுதான் பூட்டுவேன். மேடை ஏறுவதற்குச் சற்று முன் கம்பி அறுந்து ஓடி வருபவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. கம்பி, ரீட் (ஊது வாத்தியத்தின் வாய்ப்பகுதியில் அதிரும் மெல்லிய பட்டை), டிரம் குச்சி, மைக் கேபிள் எல்லாம் வாசல் பக்கமே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் பழுது வேலை அப்படியல்ல. பசை காய ஒரு நாளாவது வேண்டும், அவசரப்படுத்தினால் திரும்பப் பிரிந்துவிடும். அதனால் விரிசல், பாலம் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) தூக்கியது போன்றவற்றை இப்போதே கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரையோ வயலினையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே சூடு 60 டிகிரியைக்கூட எட்டும், பசை இளகிவிடும். மரத்துக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம்தான் ஏற்றது.

சுருதி சேர்ப்பதை ஏசி அறையிலேயே முடித்துவிடாதீர்கள். வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். ஆக, குழலில் சுருதி ஏறும். உலோகக் கம்பியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். இரண்டும் ஒரே மேடையில் என்றால் கேட்கவே வேண்டாம்! வாத்தியம் மேடைச் சூட்டுக்குப் பழகிய பிறகு ட்யூனரை எடுங்கள்.

அப்புறம், கடையில் இரவல் வாங்கிய ஸ்டாண்டுகளில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். மேடைக்குப் பின்னால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.