சேதுவுக்கு, செட் வாங்குவதற்கு முன்

கோயம்புத்தூர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள சேது,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னோடு சண்டைக்கு வருவேன். அதனால் கடிதம். கடைசியாக உனக்கு எழுதியபோது இன்லண்ட் லெட்டர் வாங்கிய ஞாபகம். அதற்கு மேல் கணக்குப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, விடு. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு முட்டி வலி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், என் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். குண்டன் மறுபடியும் வீடு மாறிவிட்டான், மறுபடியும் அதே காரணம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை நீ அனுப்பிய மெசேஜ். ‘மூர்த்தி, அறுபதாம் கல்யாணத்துக்குப் பையன் பாட்டு கேட்க ஒரு நல்ல செட் வாங்கித் தருகிறேன் என்கிறான். இரண்டரை லட்சம் வரை போகலாமாம். நீதான் சொல்ல வேண்டும்.’ இந்த ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று முப்பது வருஷமாகக் கிடந்தவன் நான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட ஆம்ப்ளிஃபயர் பற்றி ஆரம்பித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் நாலு நாளாகப் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்ததை நீ பார்த்திருப்பாய், திட்டியும் இருப்பாய்.

முதல் காரணம் என் காது.

எதைச் சொன்னாலும் இரண்டு தடவை ‘என்ன?’ என்கிறேன் என்று வீட்டில் ரொம்ப நாளாகப் புகார். அவள் மெதுவாகப் பேசுகிறாள் என்பது என் கட்சி. போன செவ்வாய்க்கிழமை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. நம் பேத்தி வயசு என்று சொல்ல முடியாது, மகள் வயசுதான், ஒரு பெண் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்றாள். நான் முதலில் பார்த்தது அந்த ஹெட்போன் என்ன கம்பெனி என்றுதான். 250, 500, 1,000 என்று ஒவ்வொரு சுருதியாக வந்தது. பாஸாகிற பையன் மாதிரி டக் டக்கென்று அமுக்கினேன். அப்புறம் ஒரே அமைதி. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். திருகிவிட்டு என் கையைப் பார்க்கிறாள், மறுபடி திருகுகிறாள். எனக்கு அங்கேயே வயிற்றைப் பிசைந்தது.

தாளில் கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்திருக்கிறது. இரண்டு காதிலும். அதற்கு மேலேயும் பெரிதாக ஏறி வரவில்லை. டாக்டர் அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘மில்லில் இருந்தீர்களா?’ என்பதுதான். கைரேகை பார்த்த மாதிரி. இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் தேய்வது அந்த 4,000 பக்கம்தானாம். காதுக்குள் நத்தைக்கூட்டில் மயிர்க்கால் மாதிரி செல்கள் இருக்கின்றன, போனால் போனதுதான், திரும்ப முளைக்காது என்றார். 34 வருஷம் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின்களுக்கு நடுவில் நடந்தவன் நான். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்பது சட்டம் வைத்த எல்லை. எங்கள் ஷெட்டில் பக்கத்தில் நிற்கிறவனிடம் கையைக் காட்டித்தான் பேசுவோம். காதில் அடைப்பான் மாட்டச் சொன்னால் நான் மாட்ட மாட்டேன். ஓடுகிற ஸ்பிண்டில்களில் எதன் பேரிங் போகிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெருமை. பஞ்சு மில்லில் இருந்துகொண்டு காதில் பஞ்சு வைக்காதவன் நான் ஒருத்தன்தான் என்று உன் தங்கச்சி இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேச்சு ஏன் புரிவதில்லை என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. ஆ, ஓ என்கிற ஒலியெல்லாம் கீழ் ஸ்தாயி. ச, த, ஸ எல்லாம் மேலே. உன் பாஷையில் சொன்னால், எனக்கு உயிர் கேட்கிறது, மெய்தான் தேய்ந்துவிட்டது. வாத்தியாரே, இதற்கு நீ சிரிக்கலாம், அனுமதி உண்டு.

இப்போது என் அலமாரியைப் பார். போன வருஷம் நான் வாங்கிய ஸ்பீக்கரின் ட்வீட்டர், அதுதான் மேல் ஸ்தாயிக்கென்று இருக்கிற சின்ன ஸ்பீக்கர், 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும். பெட்டியில் அதற்கென்று ஒரு தங்க முத்திரை வேறு. மனுஷக் காது, அதுவும் இளம் காது, 20,000 வரை கேட்டால் பெரிய விஷயம். சிடியே 22,000 சொச்சத்தோடு நின்றுவிடும். அது போதாதென்று நான் 192 கிலோ ஹெர்ட்ஸ் ஃபைலாகத் தேடித் தேடி இறக்கினேன். சில்வர் கேபிளை மாட்டினால் மேல் ஸ்தாயி ‘திறந்துகொள்கிறது’ என்று உனக்கு ஒருநாள் அரை மணி நேரம் போனில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? நீ ‘அப்படியா, அப்படியா’ என்றாய். எதைத் திறந்தேன், சேது? அந்தக் கதவு எனக்கு எப்போதோ சாத்தியாகிவிட்டது. பொய் சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே வித்தியாசம் கேட்டது. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. கேபிளுக்குக் கொடுத்த 18,000 ரூபாய்தான் கேட்டிருக்கிறது போல.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் டெஸ்ட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு நோட்டு இருப்பது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை ஏதாவது புதிதாக வாங்கும்போதும் அதே பாட்டுகளைப் போட்டு மார்க் எழுதுவேன். எல்லாம் துண்டு துண்டாக. மிருதங்கத் தனியில் இத்தனையாவது நிமிஷத்திலிருந்து நாற்பது நொடி, வலந்தலையில் விரல் விழுகிற இடம். ஒரு பாடகி பல்லவிக்கு முன்னால் மூச்சு இழுக்கிற இடம், பத்து நொடி. காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தில் ஒரு நீண்ட கார்வை, ஒரு நிமிஷம்கூட இல்லை. பதினோரு வருஷத்து நோட்டு. அதில் எந்த ராகமும் முடியவே இல்லை. நான் ராகத்தைக் கேட்டதாகவே அதில் தடயம் இல்லை, ட்வீட்டரைத்தான் கேட்டிருக்கிறேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், காருக்குறிச்சியார் 1964-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பதிவெல்லாம் ஒற்றை மைக் காலத்து மோனோ. அதில் மேல் ஸ்தாயியே குறைச்சல். செட் ஒசத்தியாக ஆக ஆக, நாகஸ்வரம் கிட்டே வரவில்லை, டேப்பின் ‘ஸ்ஸ்’தான் கிட்டே வந்தது. அதற்காக அவரையே கொஞ்ச நாள் கேட்காமல் விட்டிருந்தேன், தெரியுமா? செட்டுக்கு ஏற்ற பதிவு இல்லை என்று!

புதன்கிழமை காலையில் அவரை முழுசாகக் கேட்டேன். டெசிபெல், கிணறு, எதுவும் தடுக்கவில்லை. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். நம் பாட்டு ஓடுகிற இடமெல்லாம் அதற்கு ரொம்பக் கீழே, என் காது இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில். கேட்டு முடித்து போனை எடுத்தால் உன் மெசேஜ்.

இரண்டாவது காரணம் நீ. இதை எழுதத்தான் இத்தனை சுற்று.

எனக்கு முதலில் வந்தது கோபம். உன் செட்டை நான் கட்டியது 1988-ல். மதுரையில் சந்து சந்தாக அலைந்து வாங்கிய 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர், இரண்டு ஜோடி 2என்3055 ட்ரான்சிஸ்டர், உன் பெரியப்பா வீட்டு ஆசாரி அடித்த பெட்டி, கீழ் ஸ்தாயிக்குத் துணி விளிம்பு வைத்த எட்டு இஞ்ச் வூஃபர். ஹாஸ்டல் அறையில் வார்டனுக்குத் தெரியாமல் பற்றவைத்தது. உன் அரியர்ஸ் பணம் முழுக்க அதில் போனது. அதை நீ கழிக்கப் போகிறாய் என்றதும், என்னையே கழிக்கிற மாதிரி இருந்தது. அதன் பிறகு நான் டெனான், மராண்ட்ஸ், வார்ஃபடேல் என்று எத்தனை மாற்றினேன் என்று உன் தங்கச்சியிடம் ரசீதோடு கணக்கு இருக்கிறது. ஆனால் யாரிடம் பேசினாலும் உன்னைத்தான் உதாரணம் சொல்வேன். ‘கும்பகோணத்தில் என் சிநேகிதன் ஒருத்தன், முப்பத்தைந்து வருஷமாக ஒரே செட், ஒரு திருகாணிகூட மாற்றவில்லை, அவன்தான் பாட்டு கேட்கிறவன், நாமெல்லாம் பெட்டி கேட்கிறவர்கள்.’ சொல்லிவிட்டு அடுத்த மாசம் இன்னொரு பெட்டி வாங்குவேன். நீ அங்கே திருப்தியாக இருப்பது எனக்கு இங்கே லைசென்ஸ் மாதிரி இருந்தது.

நாலு நாளில் மெதுவாகத்தான் உறைத்தது. நீ எப்போதாவது என்னிடம் ‘இது போதும்’ என்று சொல்லியிருக்கிறாயா? இல்லை. அது நானாகச் சொல்லிக்கொண்டது. தங்கையின் கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரி, பையனின் படிப்பு. உன்னிடம் எப்போது இருந்தது காசு? 2009-ல் என் வீட்டுக்கு வந்தபோது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, நீ தனியாக ஹாலில் உட்கார்ந்து ரொம்ப மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். தண்ணீர் குடிக்க வந்த நான் பார்த்தேன். ‘நன்றாக இருக்கிறதா?’ என்றேன். ‘ம்’ என்றாய். இவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன். என் நண்பனின் கைக்கு எட்டாததை அவன் குணமாக்கி ஊரெல்லாம் சொன்னவன் நான். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ அடிக்க வருவாய். அதனால் எழுதவில்லை.

அதனால், வாங்கு. ஆனால் நான் சொல்லி வாங்காதே. என் காதை நம்பாதே என்பதற்கு இப்போது சர்டிஃபிகேட்டே இருக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு போய், கடையில் முழுப் பாட்டாகக் கேள். நாற்பது நொடி கேட்டு முடிவு செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடு. வாட்ஸ் கணக்கைக் காட்டி மயக்குவான். உன் பழைய செட்டுக்கு 35 என்று வை, அவன் 100 என்பான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து டெசிபெல்கூட வராது. இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நீ கேட்கிற சத்தத்துக்கு ஒன்றிரண்டு வாட் செலவானால் பெரிசு. பணத்தில் முக்கால்வாசியை ஸ்பீக்கரில் போடு. சில்வர் கேபிளா, என்னிடம் இருக்கிறது, சும்மா தருகிறேன், துணி காயப்போடலாம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் உன் கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். ரெட் ஆக்சைடு தரை, மொட்டைச் சுவர், உயர்ந்த உத்தரம். தட்டியது திரும்பி வரும். அதை எந்த ஆம்ப்ளிஃபயரும் சரி செய்யாது. உன் ஸ்பீக்கர் இரண்டும் இன்னும் மூலையில்தானே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன? இரண்டடி முன்னால் இழுத்துப் போடு, பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி, குளறுவது பாதி நிற்கும். நான் வரும்போது பவானி ஜமக்காளம் ஒன்று கொண்டுவருகிறேன். அறுபதுக்கு என் சீர் அதுதான். கூடத்தில் விரித்துவிட்டுக் கேள். இது இலவச யோசனை, நோட்டில் இல்லாதது.

அப்புறம் உன் சுருதிப்பெட்டி. அதுதான், செட்டைப் போட்டதும் ‘உம்ம்ம்’ என்று உறுமுமே, தம்பூரா வேண்டாம் என்று நீ பெருமையடித்துக்கொள்வாயே, அது. நான் செய்த தப்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். முதலில் இல்லாத சத்தம் வருஷம் போகப் போக ஏறுகிறது என்றால் கெபாசிடர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். 50 சைக்கிள் கரண்ட், டயோடு தாண்டும்போது 100 ஆகும், அதை அது வடிகட்டவில்லை. இரண்டு கெபாசிடர், சில நூறு ரூபாய், அரை மணி நேர வேலை. நீ எந்தச் செட் வாங்கினாலும் சரி, இதை நான் செய்துவிடுகிறேன். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வருகிறேன், உன் வீட்டில் சொல்லிவை. குண்டனையும் இழுத்துக்கொண்டு வர முடியுமா பார்க்கிறேன், உன் வாசல் எந்தத் திசை என்று கேட்பான், ஏதாவது சொல்லிவை.

அதற்குள் ஒரு வேலை செய். மேல் மூடியைக் கழற்றி, பெரிய கெபாசிடர் இரண்டின் மேலும் எழுதியிருக்கிற எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு. 4,700 என்றும் 50 வோல்ட் என்றும் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன், உறுதியாக நினைவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்று. பிடுங்கின உடனே கையை விடாதே, அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், பத்து நிமிஷம் பொறு.

உன்,
மூர்த்தி