தேவிபட்டினத்திலிருந்து அப்பா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல். சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அன்றே எழுத உட்கார்ந்தேன். நான்கு நாள்களாக முதல் பத்தியையே எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் இப்படித் தடுமாறுவதைப் பார்த்து உன் அம்மா சிரிக்கிறாள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டசபைக் கண்காட்சிக்காக நீங்கள் சோதனையாக அமைத்திருந்த அந்தக் கூடத்தின் தரையில் கறுப்பு வயர்கள் கிடக்கின்றன. உள்ளேயோ கும்மிருட்டு. வரைபட அறைக்குத் திரும்பும் இடத்தில் உன் அம்மாவின் கால் சிக்கியது. நான் பிடித்ததால் விழவில்லை. மக்களுக்குத் திறந்துவிடும் முன் அவற்றை டேப் போட்டு ஒட்டிவிடச் சொல்.

நம் சட்டசபையின் நூறாண்டுக் கதையை, கண்ணாடிப் பெட்டிக்குள் காகிதங்களாக வைக்காமல், பார்ப்பவன் நடுவில் நிற்க நான்கு சுவரும் தரையும் பேசும்படி அமைக்கலாம் என்று நீ சொன்னபோது எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த வரைபட அறையில் நம்பினேன். 375 உறுப்பினர்களோடு 1952இல் கூடிய சென்னை மாகாணச் சபை என் காலடியில் பரந்து கிடந்தது. 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்து, நான் நின்றிருந்த இடம் சட்டென்று அணைந்ததும், தண்ணீரிலிருந்து காலை எடுப்பதுபோல எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன். 1956 நவம்பரில் மலபார் போனபோது உன் அம்மாவும் என் பக்கம் ஒதுங்கி வந்தாள். கன்னியாகுமரி வந்து சேர்ந்ததை அவள் கைதட்டி வரவேற்றாள். இதைச் செய்தவள் என் மகள் என்று அருகில் நின்றவரிடம் சொன்னேன். நீ கட்டுப்பாட்டு அறைக்குள் காதில் ஹெட்போனோடு இருந்தாய். கண்ணாடி வழியாகக் கையை மட்டும் அசைத்தாய்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1967 ஜூலை 18 அன்று அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதே பெயருக்காக 1956இல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனார் ஒரு வரியில் ஓடிவிடுகிறார். விருதுநகர் அன்றைக்கு நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, 1985இல்தான் பிரித்தார்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போகலாம், உனக்குமா? கச்சத்தீவைக் காட்டும் சுவர் எதுவும் என் கண்ணில் படவில்லை. கடலைப் பார்த்து வளர்ந்த பெண் அதை விட்டிருக்கக் கூடாது.

பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்த 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை "இந்தியாவிலேயே முதன்முறை" என்று சுவரில் எழுதியிருக்கிறாய். அது தவறு. ஆந்திரம் 1986இலேயே செய்துவிட்டது. நாம் முந்திக்கொண்டது மத்தியச் சட்டத்தை. அது 2005இல்தான் வந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் கேட்டது அறுபது ஆண்டு கழித்துச் சபையில் நிறைவேறியது என்று எழுதினாலே போதும், பெருமை குறையாது.

ஆனால் அந்தச் சொத்துச் சட்ட அறையை நீ 1921ஆம் ஆண்டு அறைக்கு நேரெதிரே வைத்திருப்பதை நான் கவனிக்காமல் இல்லை. பெண்களுக்கும் ஓட்டு என்று சென்னைச் சபை தீர்மானித்தது 1921இல். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் அந்தச் சபையின் துணைத் தலைவராகவே அமர்ந்தார். ஆனால் அந்த நாளில் ஓட்டு என்பது சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான். ஆகையால் ஓட்டுரிமையைக் கொடுத்தவர்கள், அதைப் பயன்படுத்தத் தேவையான சொத்தைக் கொடுக்க 68 ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். இதை நீ எங்கும் எழுதி ஒட்டவில்லை. இரண்டு வாசல்களை எதிரெதிரே வைத்ததோடு நிறுத்திக்கொண்டாய். அதுதான் கெட்டிக்காரத்தனம்.

வயர்களை மறந்துவிடாதே. குழந்தைகள் ஓடுவார்கள்.

அந்தச் சொத்துச் சட்ட அறையில் மேசைமேல் கட்டைவிரலை வைத்தேன். சுவரில் மகன்கள் பெயருக்குக் கீழே மகள் பெயரும் எழும்பி வந்தது. எல்லோரும் மகிழ்ந்து நகர்ந்தார்கள். நான் விரலை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அந்தப் பெயர் மங்க, ஒரு குரல் படித்தது: "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் முழுமனச் சம்மதத்துடன், மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதை முழுவதையும் இதன்மூலம் விடுதலை செய்துகொடுக்கிறேன்." குரல் உன்னுடையது. வாசகம் என்னுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து நீ நகலை உரக்கப் படிக்க, நான் அசலோடு ஒப்பிட்டு வந்தேனே, அந்த வாசகம். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறாய்.

கோட்டையில் அவர்கள் இயற்றியதை, சார்பதிவாளர் அலுவலக வாசலில் மரப்பெட்டி வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றுமில்லாமல் ஆக்கினோம். எத்தனை விடுதலைப் பத்திரங்கள் எழுதினேன் என்று நான் எண்ணி வைக்கவில்லை. ஒன்றை மட்டும் எண்ணாமலே நினைவிருக்கிறது.

மண்டபத்து அத்தைக்கு 1991இல் திருமணம். 25.3.1989க்கு முன் மணமான பெண்களைத்தான் சட்டம் விலக்கியிருந்தது. ஆகவே அவளுக்குப் பங்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவன் நான். அவளிடம் எடுத்துச் சொல்வதற்காகப் படிக்கவில்லை. மூன்று முறை மண்டபம் போனேன். இரண்டு முறை கருப்பட்டியும் சேலையும் கொண்டுபோனேன். மூன்றாம் முறை வெறுங்கையோடு போய், பிறந்த வீட்டு வாசல் உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் வந்துவிட்டாள். பத்தாம் வகுப்புப் படித்தவள், பத்திரத்தை முழுதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள். "தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி" என்ற இடத்தில் நிறுத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு, "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கிளம்பினாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு சொல் பேசியதில்லை. உன் காதுகுத்துக்கும் வந்தாள், உன் பட்டமளிப்புக்கும் வந்தாள். அவள் பேசாததை இத்தனை ஆண்டுகளும் சம்மதம் என்றே கணக்கு வைத்திருந்தேன்.

நீ பொங்கலுக்கு வந்துபோனதிலிருந்து அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். வேலை மிகுதி என்று அவள் சொல்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஒரு விவரம் மட்டும் சொல்ல வேண்டும். தம்பி உன்னிடம் கொடுத்த உறையில் இருக்கும் முத்திரைத்தாள் மார்கழியில் வாங்கியது. கையெழுத்தாகாத தாளை ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனி வரை கெடு இருக்கிறது. கிழித்துவிடாதே, மடிக்காமல் அப்படியே பதிவுத் தபாலில் என் பெயருக்கு அனுப்பிவிடு. தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா